மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை

லாரி வருகிற நாளில் எங்கள் தெருவுக்கே ஒரு வாசனை வந்துவிடும். ஈர வைக்கோலும் டீசலும், எந்தப் பெட்டிக்குள்ளோ உடைந்துபோன பாட்டிலிலிருந்து கசிகிற திராட்சைப் புளிப்பும் கலந்த வாசனை. எதிர் வரிசை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கக் கண்ணாடித் தூளை முகர்ந்துவிட்டு வருகிற மூக்குக்கு அது விருந்து. இத்தனைக்கும் நான் ஒரு சொட்டு குடிக்கிறவள் இல்லை. அந்த ஒயின் கடையின் மேல்மாடியில் ஒன்பது வருஷம் குடியிருந்தேன், அவ்வளவுதான்.

ஒயின் கடை என்றதும் கம்பிக் கதவும் தள்ளுமுள்ளும் நினைவுக்கு வந்தால், அது அந்த மாதிரிக் கடை இல்லை. வாத்தியார், டாக்டர், தையல்காரர் என்று தெரிந்த முகங்கள்தான் வரும். சமையலுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். மரத்தட்டுகளில் பாட்டில்கள் படுத்திருக்கும். கடைக்காரர் பேச்சு கம்மியான மனுஷர். ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பதற்குள் அதைத் துணியால் நாலு தடவை துடைத்துவிடுவார். வாயாடுவதெல்லாம் கடைக்காரம்மா பொறுப்பு.

எங்கள் ஊர் மலைமேல். சரக்கு வருவது கீழே துறைமுகத்திலிருந்து. நாங்கள் அந்த ஊரைப் பெயர் சொல்லிப் பேசினதே இல்லை, 'கீழே' என்றால் போதும். கொண்டுவருகிற லாரிக்காரருக்கு 'மௌனம்' என்று பட்டப்பெயர், ஏனென்றால் அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. பாதையில் எந்த வளைவில் பாறை விழுந்தது, எவன் பெண்டாட்டி எவனோடு சண்டை என்று பெட்டிக்கு ஒரு சேதி சேர்த்துத்தான் இறக்குவார். கடைக்காரர் லாரிமேல் நின்று பெட்டியைத் தள்ளுவார், கடைக்காரம்மா வாசலில் வாங்கி, லேசாகச் சாய்த்துக் காதருகே வைத்துப் பார்த்து உள்ளே அனுப்புவாள். சலசலவென்றால் உடைசல். இடுப்பில் ஒரு பழைய போர்வைத் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பாள். வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போயிருந்தது அவளுக்கு. இறக்கி முடித்ததும் எல்லோருக்கும் சமையலறையில் வெங்காய சூப்பு, மிளகு தூவிய வெந்த உருளைக்கிழங்கு. ஆவி பறக்கும். நானும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

"மாடிக்காரி, ஒரு பெட்டி தூக்கினே, ஒம்பது உருளைக்கிழங்கு திங்கிறே" என்பாள்.

"சின்னக் கிழங்குக்கா."

"எனக்கு வாய்ச்ச குடித்தனக்காரி!"

இப்போது இருக்கிற வீட்டில் சமையலறை பெரிது. அந்தச் சூடு மட்டும் இதில் இல்லை.

*

இதெல்லாம் குலைந்தது பல் டாக்டரால். மகள் கல்யாணத்துக்காகக் கீழே போயிருந்த டாக்டர், திரும்பி வந்த மறுநாள் கடைக்குள் வந்து கையிலிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்தார். நான் அப்போது கடைக்குள்தான் இருந்தேன்.

"இது எங்க வாங்கினது சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"நம்ம கடையிலதான்" என்றார் கடைக்காரர்.

"இல்ல. உங்க அக்கா கடையில. ஒரே லேபிள், ஒரே வருஷம். உங்ககிட்ட நூத்தி எழுபது. அவங்ககிட்ட நூத்திப்பத்து. எனக்குப் பல்லுப் பிடுங்கத்தான் தெரியும், வியாபாரம் தெரியாது. நீங்களே சொல்லுங்க, இத்தனை வருஷமா யாரு பல்லை யாரு பிடுங்கினது?"

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கடைக்காரம்மா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"டாக்டரய்யா, பாட்டிலுக்குக் கால் முளைச்சா மலையேறி வந்துச்சு? லாரிக்கு யாரு குடுக்கிறது? ஊர் எல்லைச் சாவடியில பாட்டிலுக்கு இவ்வளவுன்னு வரி வாங்குறானே, கீழே அது உண்டா? துறைமுக ஊருன்னு அவங்களுக்குச் சலுகை. நாலு மாசம் பனி விழுந்து பாதை மூடினா சரக்கு வராது, அதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் வாங்கி அடுக்கணும். அங்க ஒரு நாள்ல விக்கிறது எங்களுக்கு ஒரு மாசம். வழியில உடையிறது வேற."

"சரிம்மா, எல்லாத்தையும் போடுங்க. தாராளமா முப்பத்தஞ்சு வச்சுக்கோங்க. மிச்சம்?"

"வாடகை! இந்தத் தெருவுல இந்தக் கடைக்கு என்ன வாடகைன்னு கேட்டுப் பாருங்க."

"ஏன், உங்க நாத்தனாருக்கு வாடகை இல்லையா?"

"இல்லாம எப்படி..." என்று சொல்லிக்கொண்டே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தட்டுப் பக்கம் திரும்பி, துடைத்த பாட்டிலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்திருந்தது.

"டாக்டர், உங்களுக்கும் நூத்திப்பத்துதான். எடுத்துக்கோங்க" என்றார், திரும்பாமலே.

மறுநாள் காலையில் வாசல் பலகையில் நூற்றுப்பத்து என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்துதான்.

ஒரு சொல் பொறுக்காத ஆள். அக்கா நேர்மையானவள், தம்பி கொள்ளைக்காரன் என்று நாலு பேர் பேசுவதைக் கேட்பதைவிடக் கடையைக் கொளுத்திவிடலாம் என்கிற மாதிரி விற்றார். அந்தக் கடை அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. வாசனைகூடப் பிடிக்காதவர்கள் எல்லாம் இரண்டு கையிலும் தூக்கிப் போனார்கள். கடைக்காரம்மா முதல் நாள் கத்தினாள், அடுத்த நாள் கெஞ்சினாள், பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பனி விழுகிறதற்கு முன்னால் தட்டுகள் மொத்தமும் காலி. குளிர்காலச் சரக்கு வாங்கக் கையில் ஒன்றுமில்லை.

சூப்பு வாங்கின கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் படியிறங்கினேன். உள்ளே இருவரும் பேசுவது கேட்டது. பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

"கீழே அண்ணி கடைக்கு வாடகை குடுக்கிறாங்களா இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

"கட்டடம் எங்க அப்பாவோடதுதானே."

"அதுல உங்க பங்கை வித்துட்டேன்னு சொன்னீங்களே. வித்துத்தான் கல்யாணம் பண்ணினேன், இங்க கடை போட்டேன்னு சொன்னீங்களே."



"விக்கல" என்றார் அவர். "கல்யாணத்துக்கும் கடைக்கும் வெளியில கடன் வாங்கினேன்."

கடனை அடைக்கத்தான் முதல் பத்து வருஷம் ஓடிப்போனது என்பது எனக்கே தெரியும், சரக்குக் கடன் என்று நினைத்து அவள் சொல்லியிருக்கிறாள். நான் கிண்ணத்தோடு மேலே ஏறிவிட்டேன். பின்னாலேயே அவள் வந்தாள்.

"மாடிக்காரி, நாளைக்கு லீவு சொல்லிடு. கீழே போறோம்."

*

மௌனத்தின் லாரியில் போனோம். இறங்க இறங்கக் குளிர் குறைந்தது. கடைக்காரம்மா முதலில் போர்வையை அவிழ்த்தாள், பிறகு கம்பளிச் சட்டையை, கடைசியில் காலுறையையும். வழியெல்லாம் நாத்தனாரிடம் பேசப்போவதை என்னிடம் பேசிப் பார்த்தாள்.

"எடுத்ததும் உக்காரக்கூட மாட்டேன். 'பாதிக் கடைக்கு வாடகை எங்கே?' அவ்வளவுதான். சரியா இருக்கா?"

"கொஞ்சம் நலம் விசாரிச்சுட்டு..."

"நலமாத்தான் இருப்பாங்க. என் முதுகுல ஏறி உக்காந்திருக்கிறவங்களுக்கு என்ன குறை?"

அந்த இரண்டு பெண்களும் நேரில் பார்த்துக்கொண்டதே கல்யாணத்தில்தான். இவர் மட்டும் வருஷத்துக்கு ஒருதரம் இறங்கிப் போய்விட்டு வருவார்.

கீழேயுள்ள கடை நான் நினைத்ததைவிடச் சின்னது, ஆனால் நாலு பக்கமும் வெளிச்சம். தெருக்கோடியில் கடல். கப்பலில் சரக்கு இறக்குகிறவர்கள் வேலை முடிந்து, தோளில் உப்புப் பூத்த சட்டையோடு வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்குகிறார்கள். லேபிளை யாரும் படிக்கவில்லை. நடுவில் அக்கா நின்றாள், நல்ல ஆகிருதி, உரத்த குரல்.

"ஏய் நெட்டை, முந்தாநாள் வாங்கின காலிப் பாட்டில் எங்கே? பெண்டாட்டி பூ வச்சிருக்காளா அதுல?"

எங்களைப் பார்த்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கடைக்காரம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேசிப் பார்த்ததெல்லாம் அந்தப் பிடியில் நசுங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் உட்கார்ந்து சுட்ட மீன் தின்றுகொண்டிருந்தோம். அக்காவின் மகன், இருபது தாண்டின பையன், கடையைப் பார்த்துக்கொண்டான்.

பாதி மீனில் கடைக்காரம்மா கையை நிறுத்தினாள்.

"அண்ணி, இந்தக் கடையில அவர் பங்குக்கு வாடகை..."

அக்காவின் முகம் மாறியது. கோபமில்லை, குழப்பம்தான்.

"அவன் உங்கிட்டச் சொல்லலையா?"

"என்ன?"

"என் வீட்டுக்காரர் மேல கிரேன்ல இருந்து சரக்கு விழுந்து அவர் போனப்ப, இதோ நிக்கிறானே, இவனுக்குப் பல்லுகூட முளைக்கல. தம்பிக்கு அப்பத்தான் உன்னைப் பேசி முடிச்சிருந்துச்சு. ஒரு கடையில ரெண்டு அடுப்பு எரியாதுன்னு அவனுக்குத் தெரியும். ஒரு நாள் காலைல பெட்டியோட வந்து நிக்கிறான். 'நான் மேலே போய்ப் பிழைச்சுக்கிறேன். என் பங்குக்கு நீ ஒண்ணும் தர வேண்டாம். அப்பா வித்த மாதிரியே வித்துக்கோ, சரக்கு இறக்கிறவன் வாங்கிற விலையா இருக்கட்டும்'னான். அதான்மா இங்க நூத்திப்பத்து. நான் ஒண்ணும் கெட்டிக்காரி இல்ல."

"என்கிட்டப் பங்கை வித்துட்டேன்னார்."

"ஐயோ! எனக்குத் தெரியாதும்மா. உன்னைக் கேட்டு, நீயும் சரின்னு சொல்லித்தான் செஞ்சான்னு நினைச்சேன். அவன் வர்றப்பல்லாம் சொல்லி அனுப்புவேனே, 'உன் பெண்டாட்டி மாதிரி ஒரு மனசு யாருக்குடா வரும்'னு. சொன்னானா?"

கடைக்காரம்மா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள் சுவரைப் பார்த்து. "கேக்காமலே குடுத்திருக்கார். என் முதுகை வச்சுக் குடுத்திருக்கார்."

அக்கா மகனைக் கூப்பிட்டாள். "டேய், இனிமே மாமாவுக்கு வாடகை உண்டு. விலை ஏறும். நூத்தி முப்பது வரும்னு நினைக்கிறேன். கத்துவாங்க, கத்தட்டும்."

"இப்ப ஒண்ணும் ஏத்த வேண்டாம். இங்க சொல்றதை அவர் முன்னாடி வந்து சொல்லுங்க" என்றாள் கடைக்காரம்மா. "கிளம்புங்க."

அக்கா கிளம்பினாள். சும்மா இல்லை, கிடங்கிலிருந்த பெட்டிகளை எல்லாம் லாரியில் ஏற்றச் சொன்னாள்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"முதல் தடவையா தம்பி வீட்டுக்குப் போறேன். வெறுங்கையோட போக முடியுமா?"

*

மலையேறுவது அக்காவுக்குப் புதுசு. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். முதல் வளைவில் பின்னால் கண்ணாடி கலகலத்தது.

"போச்சு!" என்று அலறினாள்.

"அது சும்மா சத்தம்தாம்மா, நிஜமா உடைஞ்சா வேற மாதிரிக் கேக்கும். போன வருஷம் ஒரு தடவை..." என்று மௌனம் ஆரம்பித்தார்.

"நீ ரோட்டைப் பாருப்பா!"

மூன்றாவது வளைவில் வாந்தி. பிறகு இருட்டினாற்போல் மேகம் இறங்கி, பத்தடி முன்னால் தெரியவில்லை. மௌனம்கூடக் கொஞ்ச நேரம் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே ஒன்று உடைந்தது. பலகை வழியாகச் சிவப்பாகக் கசிந்து வந்தது. எல்லைச் சாவடியில் மேலே ஏறி ஒவ்வொரு பெட்டியாக எண்ணி வரி வாங்கினார்கள். அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். ஊர் விளக்குகள் தெரிந்தபோது சொன்னாள்:

"இதை நூத்தி எழுபதுக்கா விக்கிறான்? மடையன். இருநூறு வைக்கணும்."

கடைக்காரம்மா அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். வாசலில் புருஷன் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் அக்காவையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். லாரியில் ஏறிப் பெட்டியைத் தள்ள ஆரம்பித்தார். இவள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். பெட்டியை வாங்காமல் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவர் பெட்டியைப் பிடித்தபடியே குனிந்திருந்தார். "நீ வேண்டாம்னு சொல்லிட்டா, ஒண்ணு அக்காவை விடணும், இல்ல உன்னை விடணும். ரெண்டுக்கும் தைரியம் இல்ல. முதல்ல சொல்லாம விட்டது, பிறகு சொல்ல வாய் வரல."

அவள் பெட்டியை வாங்கிக் காதருகே சாய்த்துப் பார்த்து என்னிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அக்கா இரண்டு நாளில் திரும்புவதாக ஏற்பாடு. பனி அதைக் கேட்கவில்லை. மறுநாள் ஆரம்பித்துக் கொட்டோ கொட்டென்று கொட்டி, பாதை மூடிவிட்டது. மௌனம் லாரியோடு முன்னாலேயே தப்பிப் போயிருந்தார். அக்கா மாட்டிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் மாதிரி ஒன்று என் ஆயுசில் இல்லை. சன்னலுக்கு வெளியே தெரு வெள்ளையாகக் கிடக்கும். உள்ளே அடுப்பைச் சுற்றி மூன்று பெண்கள். கடலைப் பார்க்காமல் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அக்கா மூன்று கிண்ணம் சூப்பு குடிப்பாள். வீட்டுக்குள் பேச்செல்லாம் வளைந்துதான் போகும்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட விறகு தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க."

அவர் ஒரு எட்டுத் தள்ளித்தான் நிற்பார். "அக்கா, கொண்டு வர்றேன்னு சொல்லு."

"எனக்கு ரெண்டு பக்கமும் கூலி வேணும்" என்பாள் அக்கா.

பலகையில் நூற்று எழுபது திரும்பி வந்துவிட்டது. எழுதினது அக்கா. முணுமுணுத்தவர்களிடம் எல்லாம் வாந்தி எடுத்த கதையை முழுசாகச் சொல்லி, அதற்கு மேல் கேட்க முடியாமல் செய்து பணத்தை வாங்கிப் போட்டாள். பல் டாக்டர் மட்டும் வரவில்லை. ஆனால் விதி பாருங்கள், அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. நான்தான் கூட்டிப் போனேன். பிடுங்கி முடித்து டாக்டர் தொகையைச் சொன்னதும், பஞ்சைக் கடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்:

"கீழே இதுக்குப் பாதிதானே வாங்குறாங்க?"

"அங்க மருந்து கப்பல்லயே வந்து இறங்கிடுதும்மா. எனக்கு லாரியில மலையேறி வரணும், வழியில பாதி உடைஞ்சு..." என்று ஆரம்பித்த டாக்டர் அங்கேயே நின்றார். காது வரை சிவந்துவிட்டது. அன்று சாயங்காலமே கடைக்கு வந்து இரண்டு பாட்டில் வாங்கினார். விலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் வீட்டுக்குள் பனி உருகவில்லை. கடைக்காரர் பாவம், விடிகிறதற்கு முன்னாலேயே எழுந்து வாசல் பனியை வாருவார், தண்ணீர் சுடவைப்பார். அவள் எடுக்கப் போகிற பெட்டியை முந்திக்கொண்டு தூக்குவார். அவள் கவனிக்காத மாதிரியே இருப்பாள். வாடகையைப் பற்றி அக்கா இரண்டு தடவை பேச்செடுத்தாள். "ஆகட்டும் அண்ணி, பாதை திறக்கட்டும்" என்பதோடு சரி.

பனி கொஞ்சம் விட்டு, டெலிபோன் கம்பி சரியான ஒரு மத்தியானம், சமையலறைச் சுவரில் மணி அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்தாள். மகன்தான். நலம், சாப்பாடு, கடல் எல்லாம் விசாரித்தாள். திடீரென்று குரல் உயர்ந்தது.

"என்னது? எப்ப ஏத்தினே?"

கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "நூத்தி முப்பதாக்கிட்டானாம். அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு... வாடகையைத் தனியா எடுத்து வச்சிருக்கானாம். கூட்டம் குறைஞ்சிருக்கு, சிலர் வாசல் வரைக்கும் வந்து பார்த்துட்டுத் திரும்பிடுறாங்களாம்." கடைக்காரம்மாவைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கடைக்காரம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கடைக்காரர், பேச்சைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்த்தாளா என்று தெரியாது. மாவுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் போனை வாங்கினாள்.

"அத்தை பேசுறேன்டா. யாரைக் கேட்டு ஏத்தினே? ... அம்மா சொன்னது மலையேறுறதுக்கு முன்னாடி. அப்பவே வேண்டாம்னு நான் சொல்லல? ... இரு, நான் பேசுறதைக் கேளு. அந்தக் கடையில பாதி யாரோடது? ... மாமாவோடது இல்ல. என்னோடது. என்னோடது, புரியுதா? இப்ப நான் சொல்றேன், பழைய விலையையே எழுதி வை. இன்னைக்கே. எடுத்து வச்ச வாடகையில உனக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கோ, பாதை திறந்ததும் இங்க வரணும்ல. ... ஆமா, சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? ... அது போதுமாடா?"

போனை வைத்தாள். அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் பிசைந்த மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

கடைக்காரம்மா அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி நாலு கிண்ணத்திலும் ஊற்றினாள். பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பி, அவரை நேராகப் பார்த்தே சொன்னாள்.

"சூப்பு ஆறுது. வந்து உக்காருங்க."

அவர் உள்ளே வந்தார். பெட்டியை எங்கே வைப்பது என்பதே தோன்றாமல், அதைத் தூக்கிக்கொண்டே வந்து எங்களோடு உட்கார்ந்தார்.